மேடை யாருடைய உயரத்துக்கு?

முப்பது வருடம் பால்மரம் வெட்டிய அம்மா ஒருவரை எனக்குத் தெரியும். தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபோனபோது, ஊழியர் சேமநிதிப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து அடுக்களை கட்டினார்கள். பால் வெள்ளைக் கல், பளபளக்கும் கேபினட், பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். அந்த அம்மா மட்டும் ஒரு பலகையைக் கீழே போட்டு, அதன்மேல் ஏறி நின்றுதான் குழம்பு கிண்டுகிறார். மேடையின் உயரம் 36 அங்குலம். அவர் உயரமோ ஐந்தடிக்கும் குறைவு!

கல்லின் நிறத்துக்கு ஒரு மாதம் யோசித்தவர்கள், உயரத்தை ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை.

கணக்கு எளிது. சமைப்பவர் நிமிர்ந்து நின்று கையை மடக்கட்டும். முழங்கையிலிருந்து நான்கைந்து அங்குலம் கீழேதான் காய் நறுக்கும் மேடை இருக்க வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் பலருக்கு 31, 32 அங்குலமே போதும். மேடைமேல் வைக்கிற கேஸ் அடுப்பு இன்னும் ஐந்தாறு அங்குலம் ஏறும். அதற்கும் மேலே சட்டி. ஆகவே அடுப்பு வைக்கும் இடத்தை மட்டும் ஒரு படி தாழ்த்திக் கட்டச் சொல்லுங்கள். தோள்வலி பாதி குறையும்.

இனிக் கல்லுக்கு வருவோம். இப்போதைய நாகரிகம் குவார்ட்ஸ். இது மலையில் வெட்டிய கல் அன்று. குவார்ட்ஸ் தூளைப் பிசினோடு கலந்து ஆலையில் அழுத்திச் செய்த பலகை. தண்ணீரை உறிஞ்சாது, சரிதான். ஆனால் அந்தப் பிசினுக்குச் சூடு ஆகாது. அடுப்பிலிருந்து இறக்கிய இரும்புச் சட்டியை அப்படியே வைத்தால் பழுப்புத் தழும்பு விழுந்துவிடும். வெள்ளை நிறமென்றால் மஞ்சள் கறையோடும் போராட வேண்டும். விளம்பரப் படத்து மேடையில் யாரும் மசாலை அரைப்பதில்லையே!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பலகையைத் தண்ணீர் விடாமல் வெட்டினால் கிளம்பும் தூசி நுரையீரலைக் கல்லாக்கிவிடும். சிலிகோசிஸ் என்பார்கள், குணப்படுத்த மருந்தில்லை. கல் வெட்டும் தொழிலாளர்கள் பலருக்கு இது வந்ததால், 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா இந்தப் பலகையையே தடை செய்துவிட்டது. மேடையாகப் பதித்த பின் வீட்டாருக்குப் பயமில்லை. வெட்டுகிற பிள்ளைக்குத்தான் ஆபத்து. அந்த வேலைக்குப் போகிற பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கலாம். கிரானைட்டிலும் இந்தத் தூசி உண்டு, அளவுதான் குறைவு. எதுவானாலும் தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்கள். வீட்டுக்குள் வைத்து வெட்ட விடாதீர்கள்.

கிரானைட் சூடு தாங்கும். கறுப்பு நிறம் நம் சமையலுக்கு ஒத்துப்போகும். வாங்குமுன் ஒரு துண்டு கேட்டு வாங்கி, அதன்மேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். கல் கறுத்தால் அது உறிஞ்சுகிறது என்று பொருள். பூச்சு பூச வேண்டும். பளிங்கு வேண்டவே வேண்டாம். புளியும் எலுமிச்சையும் பட்ட இடம் மங்கிவிடும்.

மரத்தூள் பலகைமேல் தாள் ஒட்டியது மலிவுதான். தொட்டியோரம் நீர் இறங்கினால் உப்பிவிடும், கரையானும் விடாது.

என்னைக் கேட்டால், கொத்தனார் கட்டும் சிமெண்டு மேடைக்கு ஈடில்லை. அதன்மேல் பெரிய அளவு மொசைக் பதித்தால் இடுக்குகள் குறையும். இடுக்கில் வெள்ளைச் சிமெண்டு வேண்டாம், ஒரே தீபாவளியில் மஞ்சளாகிவிடும். சாம்பல் நிறமே போதும். கரையான் தின்ன அதில் ஒன்றுமில்லை. இடிகல்லை வைத்து இடித்தாலும் தாங்கும்.

கல் மேடைதான் என்று முடிவானால், அடிக்கணக்கில் சொல்லும் விலையில் தொட்டிக்கும் அடுப்புக்கும் துளை வெட்டும் கூலி சேர்ந்ததா என்று கேட்டு, முன்பணம் கொடுக்குமுன் எழுதி வாங்குங்கள். அளவெடுக்க ஆள் வரும் நாளில் அம்மாவை வேலைக்கு அனுப்பாதீர்கள். அவரைச் சுவரோரம் நிறுத்தி, முழங்கைக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள்.