கோதுமையை நீக்கியபின் சீலியாக் பரிசோதனை

புனே நகரத்து இல்லங்களில் கோதுமைச் சப்பாத்தியும் சோளப் பாக்ரியும் அருகருகே வழங்குவன. வயிற்றுப்போக்கும் உப்புசமும் தொடர்ந்து வருத்தும் ஒருவர், சப்பாத்தியை நீக்கிப் பாக்ரியையே உண்ணத் தொடங்கிச் சில வாரங்களில் நலம் பெறக்கூடும். சோற்றில் வளர்ந்த தமிழருக்கு இம்மாற்றம் இன்னும் எளிது. பின்னர் அவர் மருத்துவரை நாடுகிறார். இரத்தப் பரிசோதனையில் குறையொன்றும் தென்படவில்லை. இம்முடிவை நம்பலாகாது.

கோதுமை, வாற்கோதுமை, ரை ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதம், மரபுவழியில் அதற்கு இடங்கொடுக்கும் உடலில் சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும் எதிர்ப்பைத் தூண்டுகிறது. சத்தை ஈர்க்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. இதுவே சீலியாக் நோய். 1888-இல் இதனைத் தெளிவுற விவரித்தவர் லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ. கோதுமையின் பங்கை நிலைநாட்டியவரோ ஹாலந்துக் குழந்தை மருத்துவர் டிக்கெ. 1944-45 பஞ்சத்தின் அனுபவம் அவர் முன்பே கொண்டிருந்த ஐயத்தை வலுப்படுத்தியது.

2016-இல் வெளியான ஆய்வொன்று, இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள்கள் வட இந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேரிடமும் தென்னிந்தியாவில் 0.10 பேரிடமும் காணப்படுவதாகக் கணக்கிட்டது. கோதுமை உண்ணும் அளவே இவ்வேறுபாட்டுக்கு முக்கிய காரணமாகக் கருதப்பட்டது.

நோயை அறிய முதலில் இரத்தத்தில், திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் நொதிக்கு எதிரான ஐஜிஏ வகை எதிர்ப்பொருளை அளப்பர். சிலரிடம் ஐஜிஏ பிறவியிலேயே குறைவாயிருக்கும். ஆகவே அதன் மொத்த அளவையும் காண்பது வழக்கம். அடுத்து, உட்காணும் கருவி கொண்டு முன்சிறுகுடலினின்று சிறு துணுக்குகள் எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வர். குளூட்டன் நின்றபின் எதிர்ப்பொருளும் குறைகிறது. குடலும் மெல்ல ஆறுகிறது. நெருப்பை அணைத்துவிட்டுப் புகையைத் தேடுவதற்கு இது ஒப்பாகும்.

ஆதலின், ஏற்கெனவே கோதுமையை விலக்கியவர் மருத்துவர் மேற்பார்வையில் அதனை மீண்டும் உண்டபின்னரே பரிசோதனைக்குச் செல்லவேண்டும். நாளொன்றுக்கு 3 கிராம் முதல் 10 கிராம் வரை குளூட்டன் தேவை. 2 வாரம் குறைந்த அளவு, 6 முதல் 8 வாரம் நம்பத்தக்க அளவு. 30 கிராம் கோதுமை மாவில் செய்த சப்பாத்தியில் ஏறக்குறைய 2.5 முதல் 3 கிராம் குளூட்டன் இருக்கும். நாளுக்கு இரண்டு சப்பாத்தி பெரும்பாலும் போதும் என்பது இதனால் விளங்கும். சோளம், கம்பு, ராஜ்கிரா ஆகியவற்றில் இந்தக் குளூட்டன் இல்லையாகையால் அவை இதற்குப் பயன்படா.

மராட்டிய நாட்டில் பெயர்பெற்ற கப்லி கோதுமையைப் பற்றி ஒரு சொல். புனேயிலுள்ள அகர்கர் ஆராய்ச்சி நிலையம் இவ்வகையையும் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. அது எளிதில் செரிக்கும் என்பர்; ஆயினும் அதுவும் கோதுமையே, குளூட்டன் உடையது. கப்லி ரொட்டிக்கு மாறியவர் குளூட்டனைத் துறந்தவராகார். கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலப்பதுண்டு. ஆனால் பருப்பில் இடும் அச்சிட்டிகை பரிசோதனைக்கு வேண்டிய அளவைத் தராது.

மீண்டும் உண்ணும்போது துன்பம் மிகுந்தால் நாட்களை எண்ணிக் காத்திராது மருத்துவரிடம் கூறுதல் வேண்டும்; இரண்டு வாரத்திலேயே மாதிரி எடுக்க அவர் முடிவு செய்யலாம். கோதுமை உண்டவுடன் தடிப்பும் மூச்சுத் திணறலும் உண்டாவோருக்குள்ளது வேறு நோய். அவர்கள் இம்முயற்சியில் இறங்கவே கூடாது. சிறு குழந்தைகள் விஷயத்தில் முடிவு மருத்துவருடையதே.

உணவு மாற்றத்தால் பாதிக்கப்படாத பரிசோதனையும் ஒன்றுண்டு. அது டிகியூ2, டிகியூ8 என்னும் மரபுக்கூறுகளைக் காண்பது. இரண்டும் இல்லையெனில் சீலியாக் நோய் இருப்பது அரிதினும் அரிது. மீண்டும் கோதுமை உண்ணும் தொல்லையும் மிச்சம். இருப்பதனால் மட்டும் நோய் உண்டென்று சொல்லிவிட முடியாது. நோயற்ற பலரும் அவற்றை உடையவரே.

இரத்தம் கொடுத்த அன்றே சப்பாத்தியை நிறுத்திவிடுவது தவறு. குடல் துணுக்குகள் எடுக்கப்படும் நாள்வரை அதனைத் தொடர்ந்து உண்ணவேண்டும்.