ஈக்விட்டி: பங்கும் நீதியும்

'ஈக்விட்டி' என்னும் ஆங்கிலச் சொல் பங்குச் சந்தையில் ஒரு பொருளிலும், வணிகக் கணக்கேட்டில் சற்றே மாறிய பொருளிலும், அரசின் சமூகக் கொள்கையில் முற்றிலும் வேறொரு பொருளிலும் வழங்குகின்றது. முதலிரண்டு இடங்களில் அதனைப் 'பங்கு', 'பங்கு மூலதனம்' என்றும், மூன்றாம் இடத்தில் 'சமநீதி' என்றும் நாம் தமிழாக்கிக்கொள்கின்றோம். அதனால் இம்மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்னும் செய்தி நம் கண்ணில் படுவதில்லை.

அந்த வேர் இங்கிலாந்தின் நீதிமன்றத்தில் இருக்கின்றது. இடைக்காலத்தில் அந்நாட்டின் பொதுச் சட்ட மன்றங்கள் சட்டத்தின் எழுத்தை இறுகப் பற்றித் தீர்ப்பளித்தன. அங்கே நியாயம் கிடைக்காதவர்கள் மன்னரிடம் முறையிட்டனர். அம்முறையீடுகளைச் சான்சலர் என்னும் உயர் அதிகாரி மனச்சான்றின்படி விசாரித்தார். அவருடைய மன்றம் வளர்த்த நெறிமுறையே ஈக்விட்டி எனப்பட்டது.

அம்மன்றத்தின் முன் வந்தவருள் கடனாளிகளும் இருந்தனர். நிலத்தை அடமானம் வைத்தவன் குறித்த நாளில் பணத்தைச் செலுத்தத் தவறினால், பொதுச் சட்டப்படி நிலம் முழுவதும் கடன் கொடுத்தவனுக்கே உரியதாகிவிடும். நிலத்தின் மதிப்பு கடனைப்போல் பன்மடங்காயினும் அதுவே விதி. இது கொடுமையெனக் கண்ட சான்சலர் மன்றம், நாள் கடந்த பின்னரும் கடனைத் தீர்த்து நிலத்தை மீட்கும் உரிமையைக் கடனாளிக்கு வழங்கியது. 17-ஆம் நூற்றாண்டில் இது நிலைபெற்ற உரிமையாயிற்று. இந்தியாவின் 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 60-ஆம் பிரிவிலும் இம்மீட்புரிமை இடம்பெற்றிருக்கின்றது. துன்பத்திலிருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை தவணை அளிக்கப் பணிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 280-ஆம் வசனத்தை அறிந்த நமக்கு இக்கருத்து அயலானதன்று.

கடனாளிக்கு நீதி வழங்கிய அவ்வுரிமையின் பெயரே, நாளடைவில் அவ்வுரிமையின் பண மதிப்புக்கும் பெயராயிற்று. 50 இலட்சம் ரூபாய் பெறும் வீட்டின்மீது 30 இலட்சம் கடன் இருக்குமாயின், உரிமையாளருடைய ஈக்விட்டி 20 இலட்சம். நிறுவனங்களின் கணக்கும் இவ்வாறே: சொத்துகளிலிருந்து கடன்களைக் கழித்தால் எஞ்சுவதே பங்குதாரர்களுடையது. வீட்டின் விலை 40 இலட்சமாகச் சரிந்தால் அந்த 10 இலட்சம் இழப்பும் உரிமையாளர் தலையிலேயே விழும். கடன் கொடுத்தவருடைய 30 இலட்சம் குறைவதில்லை. இலாப நட்டத்தைத் தாங்கும் இந்நிலையே ஈக்விட்டியைக் கடனிலிருந்து பிரிப்பது.

நீதிக்கும் பங்குக்கும் ஒரே சொல் வழங்குவது ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. அரபியில் 'கிஸ்த்' என்பது நீதி, பங்கும் அதுவே, தவணையும் அதுவே. எடையை நீதியோடு நிறுக்கப் பணிக்கும் அர்ரஹ்மான் அத்தியாயத்தில் வருவது இச்சொல்தான். தமிழுக்கு அது நிலவரித் தவணையைக் குறிக்கும் 'கிஸ்தி'யாக வந்து சேர்ந்தது. நீதி வழியிலேயே தங்கிவிட்டது, வரி மட்டும் வந்தது!

இஸ்லாமிய வணிக நெறியில் முளாரபாவும் முஷாரகாவும் ஈக்விட்டி வகையைச் சார்ந்தவை. முஷாரகாவில் இலாபம் பேசிய விகிதப்படி; நட்டம் முதலீட்டு விகிதப்படி. முளாரபாவில் முதல் போட்டவர் பணத்தை இழப்பார். உழைத்தவர் உழைப்பை இழப்பார். நட்டத்தைத் தவிர்த்துவிட்டு இலாபத்தை மட்டும் உறுதிசெய்துகொண்டால் அது பெயர் மாறிய கடன். 2007-இல் முஃப்தி தகீ உஸ்மானி எழுப்பிய கண்டனம் இதனையே சுட்டியது. வெளியிடப்பட்டிருந்த ஸுகூக் பத்திரங்களுள் பெரும்பாலானவற்றில், முதலை முகமதிப்புக்கே திரும்ப வாங்கிக்கொள்ளும் வாக்குறுதி இருந்தது. மறு ஆண்டிலேயே, பஹ்ரைனிலுள்ள இஸ்லாமிய நிதிக் கணக்கியல் அமைப்பான ஆயோஃபி, முஷாரகா, முளாரபா ஸுகூக்குகளில் அத்தகைய வாக்குறுதி கூடாதென அறிவித்தது. 'பங்கு' என்னும் பெயரைக் கண்டவுடன் மன நிறைவு கொள்ளும் நம் முதலீட்டாளர்கள் இதனை ஊன்றிக் கவனித்தல் வேண்டும்.

சமூகக் கொள்கையில் ஈக்விட்டி என்பது சமத்துவத்தினின்றும் வேறானது. அனைவருக்கும் ஒரே அளவு வழங்குவது சமத்துவம். பின்தங்கியவருக்கு அவருடைய தடைக்கு ஏற்பக் கூடுதலாக வழங்குவது ஈக்விட்டி. பழந்தமிழின் 'ஒப்புரவு' இதற்கு அண்மையில் வரக்கூடியது என்பது நம் கருத்து. இங்கே எழும் வினா: அளப்பவர் யார்? சான்சலரின் நியாயம் ஆளுக்கு ஆள் மாறுவதைக் கண்ட ஜான் செல்டன், அது அவரவர் காலடியை அளவுகோலாகக் கொள்வது போன்றது என 17-ஆம் நூற்றாண்டில் எள்ளினார். அவருக்கு ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள், ஹனஃபீ அறிஞர்கள் கையாண்ட 'இஸ்திஹ்ஸான்' முறையை இதே ஐயத்தோடு மறுத்திருந்தார்கள். ஹனஃபீகளின் தரப்பிலும் வலுவுண்டு: பொருள் உருவாகுமுன் அதனை விற்பது கியாஸின்படி செல்லாது எனினும், செய்து தரச் சொல்லிப் பொருள் வாங்கும் மக்கள் வழக்கத்தை அம்முறையே காத்தது.

ஆகவே கொள்கை வகுப்போர் எண்ணைத் தேடுகின்றனர். சச்சார் குழுவின் 2006-ஆம் ஆண்டு அறிக்கை கல்வி, வேலை, வங்கிக் கடன் ஆகியவற்றில் முஸ்லிம்களின் நிலையைக் கணக்கிட்டுக் காட்டியது. தமிழக அரசு 2007-இல், பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டிற்குள் 3.5 விழுக்காட்டைப் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கென வரையறுத்தது. இத்தகைய ஏற்பாட்டை இட ஒதுக்கீடு என்பதற்கு மாறாக 'இடப்பங்கீடு' எனச் சிலர் வழங்குகின்றனர். ஆங்கிலச் சொல்லில் நாம் கண்ட பங்கும் நீதியும் அத்தமிழ்ச் சொல்லில் ஒருங்கே நிற்கின்றன.