இரவுச் சாப்பாட்டை யார் யோசிப்பது?

"இண்டைக்கு இரவைக்கு என்னம்மா?" சீனன்குடாவில் இக்கேள்வி அநேகமாகத் தாயிடமே கேட்கப்படுகிறது. பிட்டு அவிப்பது ஒரு மணி நேர வேலை. மா இருக்கிறதா, தேங்காய் காணுமா, பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்ற யோசனையோ காலையிலேயே தொடங்கிவிடுகிறது. அதை நாம் வேலையாகக் கணக்கெடுப்பதில்லை.

2022ஆம் ஆண்டு நெருக்கடியில் இச்சுமை பன்மடங்காயிற்று. பிறீமா மா ஆலை இருக்கும் ஊரிலும் மா விலை ஏறியது. சமையல் வாயு கிடைக்கவில்லை. எண்ணெய்க் குதங்களுக்கு அருகில் வாழ்ந்துகொண்டே மண்ணெண்ணெய்க்கு அலைந்தோம்!

ஞாயிறு மாலை கால்மணி நேரம் குடும்பமாக அமர்ந்து ஏழு இரவுகளையும் தீர்மானித்துவிடலாம். பிட்டுக்கு இரண்டு நாள், இடியப்பமும் சொதியும் ஒரு நாள், ரொட்டியும் சம்பலும் ஒரு நாள், மத்தியானச் சோறு மிஞ்சினால் அதற்கொரு நாள். மீனுக்குரிய நாட்களைக் குறிக்காமல் விடுவதே நல்லது. அதைக் கடல்தான் தீர்மானிக்கும். கோதுமை மாவை ஒரே தடவையில் அவித்து, அரித்து, ஆறவைத்து டின்னில் அடைத்தால் வாரத்துக்குப் போதும்.

பழைய கலண்டர்த் தாளின் பின்புறத்தில் எழுதிக் குசினியில் தொங்கவிடுங்கள். உணவின் பெயருக்குப் பக்கத்தில் ஆளின் பெயரும் வேண்டும். சொன்னதை வாங்கி வரும் தகப்பன் கால்நடையைத்தான் மிச்சப்படுத்துகிறார். யோசனை தாயிடமே நிற்கிறது. மா அவர் பொறுப்பென்றால், டின்னைத் திறந்து பார்ப்பதும், முடிய முன் வாங்குவதும், ஒருவரும் நினைவூட்டாமலே அவர் செய்யவேண்டியவை.