வளவுக்குள் இரண்டு வீடு

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் மொத்த வியாபாரம் பார்க்கும் அண்ணாச்சி ஒருவரிடம் இருப்பது ஒரே ஒரு போன்தான். ஆனால் திரையில் இரண்டு வாட்ஸ்அப். இரண்டாவதன் மூலையில் மட்டும் சின்னதாக ஓர் ஆரஞ்சுக் குறி. ஒன்றில் வெளியூர்க் கடைக்காரர்களின் ஆர்டர்கள் வந்து குவியும். மற்றதில் பேத்தியின் படம், கோயில் கொடைக்கு வரி கேட்டு வரும் செய்தி.

"தம்பி, ரெண்டும் ஒரே வாட்ஸப்பு, ஒரே போனு. கடைக்கு வர்றது வீட்டுக்குள்ள போயிராம உள்ள இருந்து எவன் பாத்துக்கிடுதான்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை 1969-இல் இருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தொடங்கிய ஆண்டு அது. ஒரே கணினியைப் பல பேர் பங்குபோட்டுப் பயன்படுத்திய காலம். ஒருவர் எழுதியதை அடுத்தவர் பிரித்துப் பார்த்துவிடக் கூடாதே! அதற்காக ஆளுக்கு ஓர் எண் கொடுத்தார்கள். ஒவ்வொரு கோப்பின் மேலும் அதன் சொந்தக்காரரின் எண் பதிந்திருக்கும். எண் பொருந்தாவிட்டால், சொந்தக்காரர் அனுமதித்திருந்தால் ஒழிய, கோப்பு திறக்காது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் அதே வழியில் வந்தது. நம் ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமான கர்னல் அந்த லினக்ஸ்தான்.

ஆனால் போனை வைத்திருப்பவர் ஒருவர்தானே, பல பேருக்கான எண்கள் எதற்கு? ஆண்ட்ராய்டை வடிவமைத்தவர்கள் அந்த எண்களை மனிதர்களுக்குப் பதிலாகச் செயலிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நாம் நிறுவும் ஒவ்வொரு செயலியும் 10000-க்கு மேல் ஓர் எண் வாங்கிக்கொண்டு தனி ஆளாகக் குடியேறுகிறது. திருநெல்வேலிப் பக்கத்து வளவைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தெருவுக்கு ஒரே வாசல், எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு, ஆனால் வரிசையாக நிற்கும் வீடுகளில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. வங்கிச் செயலி ஒரு வீடு, கேமரா ஒரு வீடு, வாட்ஸ்அப் ஒரு வீடு.

2012-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.2, டேப்லெட்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட பயனர்களை அனுமதித்தது. 2014-இல் 5.0 பதிப்போடு அந்த வசதி போன்களுக்கும் வந்தது. ஒவ்வொரு பயனரின் செயலிக்கும் தனி எண் கொடுக்கும் கணக்கு சுலபமானது: பயனர் எண்ணை ஒரு லட்சத்தால் பெருக்கி, செயலியின் எண்ணைக் கூட்ட வேண்டும். முதல் பயனரின் எண் 0. அண்ணாச்சியின் வாட்ஸ்அப் எண் 10234 என்று வைத்துக்கொண்டால், அவருக்கு அது 10234-தான். ஒரே செயலியை இரண்டாக்கும் 'டூயல் ஆப்ஸ்' வசதியை நாம் அமுக்கும்போது போன் சத்தமில்லாமல் இன்னொரு பயனரை உருவாக்குகிறது. ஷாவ்மி போன்களில் அந்தப் புதுப் பயனரின் எண் 999. அப்படியானால் இரண்டாவது வாட்ஸ்அப் 99910234 ஆகிவிடும். கர்னலுக்கு இந்த இரண்டும் முன்பின் தெரியாத இரண்டு பேர். ஆரஞ்சுக் குறி போட்டிருப்பது நம் கண்ணுக்காகத்தான், கர்னல் பார்ப்பது எண்ணை மட்டும்.

இதில் இன்னொரு சிக்கனமும் உண்டு. செயலியின் நிரல் போனில் ஒரே ஒருமுறைதான் இருக்கும். அரட்டை, படம், செய்திகளைத் திறக்கும் சாவி ஆகியவைதான் தனித்தனி. ஒரே சமையல் குறிப்பை வைத்து இரண்டு வீட்டிலும் சமைப்பதைப் போல.

2023 அக்டோபரில் வாட்ஸ்அப்பே ஒரு செயலிக்குள் இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தது. அது வேறு ஏற்பாடு. அங்கே கர்னல் சுவர் எழுப்புவதில்லை. ஒரே வீட்டுக்குள் வாட்ஸ்அப் தானே தடுப்புக் கட்டிக் கணக்குகளைப் பிரித்து வைக்கிறது.

யாரோ செய்த 'குளோன்' செயலிகளை இறக்குகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. அவற்றில் பல, வாட்ஸ்அப்பைத் தம் வீட்டுக்குள்ளேயே, தம் எண்ணிலேயே குடிவைக்கின்றன. இடையில் கர்னலின் சுவர் கிடையாது. உள்ளே பேசுவதெல்லாம் வீட்டுக்காரர் காதில் விழ வழியுண்டு. போனோடு வந்த வசதி இருக்கும்போது அந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டாம் என்று அண்ணாச்சியிடம் அழுத்திச் சொன்னேன்.

வீடுகள் தனி என்றாலும் செய்தி வரும் பாதை தனியில்லை. இரண்டு சிம் போட்டிருந்தாலும் இணையம் ஓடுவது பெரும்பாலும் ஒன்றின் வழியாகத்தான். பதிவு செய்யும்போது எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்க எண்ணுக்குத்தான் அந்தந்த சிம் வேண்டும். அதன் பிறகு இரண்டு கணக்கின் செய்திகளும் ஒரே டேட்டாவில் வந்து சேர்கின்றன. மருதூர் அணைக்கட்டில் தாமிரபரணித் தண்ணீர் மேலக்கால், கீழக்கால் என்ற கால்வாய்களில் பிரிவது நினைவுக்கு வந்தது. ஆனால் ஆற்றுத் தண்ணீரில் எந்தச் சொட்டு எந்த வயலுக்கு என்று எழுதியிருப்பதில்லை. இங்கே ஒவ்வொரு சொட்டிலும் முகவரி உண்டு, கூடவே பூட்டும் உண்டு. ஒவ்வொரு கணக்கும் பதிவாகும்போதே தன் சாவியைப் போனுக்குள் தானே உருவாக்கிக்கொள்கிறது. 2016 முதல் வாட்ஸ்அப்பின் தனிப்பட்ட செய்திகள் அப்படிப் பூட்டப்பட்டே போகின்றன. வீட்டுக் கணக்குக்கு வந்ததைக் கடைக் கணக்கின் சாவி திறக்காது.

அண்ணாச்சிக்கு இது பாதிதான் பிடிபட்டது. அதனால் அவர் கையாலேயே செய்து பார்க்கச் சொன்னேன். வெயிலில் காயும் அப்பளத்தைப் படம் எடுத்து, கடைக் கணக்கிலிருந்து தன் வீட்டுக் கணக்குக்கே அனுப்பினார். இரண்டும் இருப்பது விரல்நகம் அளவுள்ள ஒரே சிப்புக்குள். ஆனாலும் 10234 நேராக 99910234-இன் வீட்டுக்குள் நுழைய முடியாது. படம் பூட்டப்பட்டு, டவர் ஏறி, வாட்ஸ்அப் செர்வருக்குப் போய், அதே டவர் வழியாக அதே போனுக்குத் திரும்பியது.

ஒரு டிக். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது டிக். ஆரஞ்சுக் குறியைத் தொட்டுத் திறந்தார், அப்பளம் அங்கே காய்ந்துகொண்டிருந்தது.

"அடுத்த வீட்டுக்குப் போவ ஊரச் சுத்திட்டுல்லா வந்திருக்கு!" என்றார்.