பெண் குரலைச் "சுட்டு" பாட்டு போட்டால் கோர்ட்டுதான்!

வீட்டு ஸ்டூடியோ வாலிபர்களே உஷார்

வீட்டிலேயே கம்ப்யூட்டரை வைத்து சினிமா பாணியில் இசை போடும் வாலிபர்கள் பெருகிவிட்டார்கள். பாடகியைக் கூப்பிட்டுப் பாடவைக்க கையில் காசு கிடையாது. ஆகவே, எப்போதோ பதிவான பெண் குரலைத் துண்டு போட்டு ஒட்டுகிறார்கள். இதற்கு "சாம்பிள்" என்று பெயர். கேட்காமல் எடுத்தால் ஆபத்து!

அமெரிக்காவில் நடந்த வழக்கின் விவரம் வருமாறு:-

லதா குரல்

1981-ல் வந்த இந்திப் படம் "ஜோதி". அதில் பப்பி லஹரி இசையில் லதா மங்கேஷ்கர் ஒரு பாட்டு பாடினார். 2002-ல் ட்ரூத் ஹர்ட்ஸ் என்ற அமெரிக்கப் பாடகியின் "அடிக்டிவ்" பாட்டு சக்கைப்போடு போட்டது. கேட்டால், உள்ளே லதாவின் குரல்! அனுமதியும் இல்லை, பெயரும் இல்லை.

பப்பி லஹரி சும்மா விடுவாரா? லாஸ் ஏஞ்சல்ஸ் கோர்ட்டுக்குப் போனார். அவர் பெயரைப் போடாமல் ஆல்பத்தை விற்கக்கூடாது என்று 2003-ல் நீதிபதி தடை போட்டார்.

எப்படி எடுப்பது?

காசு கொடுத்து வாங்கும் குரல் தொகுப்புகள் இருக்கின்றன. சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் பயன்படுத்தலாமா என்று நிபந்தனையைப் படித்துப் பாருங்கள். எதிரொலி சேர்க்காத குரலாக எடுங்கள். சேர்த்ததைப் பிறகு நீக்குவது கஷ்டம். உங்கள் சுருதிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ரொம்ப ஏற்றினால் குழந்தைக் குரல் மாதிரி கீச்சிடும்.

முழு வரியாகப் பாடியதை எடுத்தால், அதே வரியை இன்னொருவரும் வாங்கியிருப்பார். "ஆ", "ஓ" என்று தனித்தனி ஸ்வரமாகப் பதிந்ததை வாங்கினால் மெட்டு உங்களுடையதாக இருக்கும்.

வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு வந்தால் அதுதான் சாட்சி.