வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? டயரைக் குனிந்து பாருங்கள்



வழமையாக இந்தப் பக்கத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது, கர்ப்பிணித் தாய்மாரின் கிளினிக், சேமலாப நிதி என்றுதான் எழுதுவேன். இந்த முறை டயரைப் பற்றி எழுதுகிறேன். "வெல்பெயார் ஐயாவுக்கு டயரோட என்னா வேலை?" என்று சிலர் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் கடைசி வரை படியுங்கள்.

நம் பிள்ளைகள் வேனில்தான் பாடசாலை போகிறார்கள். நடுச்சாமத்தில் பிரசவ வலி வந்தால், லயத்து முனையில் நிற்கும் திரீவீல்தான் மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போகிறது. அந்த திரீவீலும் பல வீடுகளில் லீசிங்கில் எடுத்தது. மாதக் கட்டுப்பணம் ஒரு பக்கம், டயர்ச் செலவு மறுபக்கம். 2022இல் ரூபா விழுந்தபோது டயர் விலை எங்கே போனது என்பதை எந்தச் சாரதியும் மறந்திருக்க மாட்டார். 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் திறந்தார்கள். அதனால் நம் பாதைகளில் ஓடுவது அநேகமாகப் பழைய வண்டிகள். பழைய வண்டி பேசும். நாம்தான் காது கொடுப்பதில்லை.

சில வருடங்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பிள்ளைகளை ஏற்றிப் போன ஒரு வேன் இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. சாரதித் தம்பி நல்ல பையன். கராஜுக்குக் கொண்டு போனார். "எலைன்மென்ட் அவுட்" என்றார்கள். மெஷினில் ஏற்றாமல், கண் மட்டத்துக்குப் பார்த்து, ஸ்டியரிங் தடியைத் திருகிக் கொடுத்தார்கள். இழுவை போகவில்லை. இரண்டாம் தடவையும் திருகினார்கள். மூன்று மாதத்தில் முன் டயர் இரண்டும் உள் விளிம்பில் கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்தன. பெற்றோர் ஆளுக்குக் கொஞ்சம் காசு சேர்த்து வேறு டயர் வாங்கிக் கொடுத்தோம். அந்தக் காசை வாங்கி எழுதியவன் நான்தான்.

புது டயரிலும் இழுவை அப்படியே இருந்தது. ஒரு நாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு றத்தோட்டைப் பக்கம் இறங்கும்போது ரப்பர் கருகிய மாதிரி ஒரு வாடை. தம்பி ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால், இடது முன் சக்கரம் அனலடிக்கிறது. பிரேக் கலிப்பர் துருப்பிடித்து இறுகி, காலை எடுத்த பிறகும் அந்தச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. இடது இழுவைக்குக் காரணம் அதுதான். எலைன்மென்ட் முதலில் சரியாகத்தான் இருந்தது. திருகித் திருகி அதையும் கெடுத்து, அதனால் டயரும் போனது. ஒரு நோய்க்கு வேறு மருந்து கொடுத்து இரண்டாவது நோயையும் வரவழைத்த கதை. அந்த வாடை பிள்ளைகள் இருக்கும்போது, வளைவில், மழையில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதெல்ல இறக்கத்தில் பஸ் ஒன்று வேனிலும் திரீவீலிலும் மோதி ஏழு பேர் இறந்ததை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. இறக்கம் என்பது விளையாட்டு இல்லை.

அதற்குப் பிறகு வேறொரு கராஜில் வயதான பாஸ் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுக் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் முதலில் கேட்டது, "எப்போ இழுக்குது?" என்பதுதான். நாமோ "எந்தப் பக்கம் இழுக்குது?" என்று மட்டும் பார்க்கிறோம். சும்மா ஓடும்போதே இழுக்கிறதா, பிரேக் அடித்தால் மட்டும் இழுக்கிறதா, லோட் ஏற்றினால் இழுக்கிறதா? இந்த மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

இதற்கு முன் ஒன்று. நம் நாட்டில் இடது பக்கம் ஓட்டுகிறோம். மழைத்தண்ணி வடிவதற்காகப் பாதையின் நடு உயர்ந்தும் ஓரம் தாழ்ந்தும் இருக்கும். அதனால் நல்ல வண்டிகூட, ஸ்டியரிங்கைத் தளர்த்திப் பிடித்தால், மெதுவாக இடது பக்கம் சரியும். அது நோய் இல்லை. தோட்டத்துப் பாதையில் வைத்து இதைப் பார்க்கவே முடியாது. நாவுல தாண்டி தம்புள்ளைப் பக்கம் போகும்போது மட்டமான, நேரான, ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, மெதுவான ஓட்டத்தில் கையைத் தளர்த்திப் பாருங்கள். கையை முழுக்க எடுக்க வேண்டாம். அதே இடத்தில் திரும்பி வரும்போதும் பாருங்கள். இரண்டு தடவையும் ஒரே பக்கம் வேகமாக இழுத்தால் வண்டியில்தான் கோளாறு.

முதலில் காற்று. காசு செலவில்லாத பரிசோதனை இதுதான், ஆனால் கடைசியாகத்தான் பார்க்கிறார்கள். எந்தப் பக்கத்து முன் டயரில் காற்று குறைவோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும். காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடி வந்து சூடான டயரில் அளவு கூடத்தான் காட்டும். எவ்வளவு அடிப்பது என்பது சாரதிப் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும், அல்லது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து அடிக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர்.

காற்று சரியென்றால் முன் டயர் இரண்டையும் பக்கம் மாற்றிப் போடுங்கள். இடது டயர் வலதுக்கு, வலது டயர் இடதுக்கு. (சில டயர்களில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், அவற்றை இப்படி மாற்றக்கூடாது.) மாற்றிய பிறகு இழுவையும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர்தான். உள்ளே உள்ள பட்டி ஒரு பக்கம் சரிந்திருந்தால் வெளியே பார்க்கப் புது டயர் மாதிரியே இருக்கும், ஆனாலும் இழுக்கும். மாற்றியும் அதே பக்கம் இழுத்தால் டயரைக் குற்றம் சொல்லாதீர்கள். இந்த ஒரு வேலையை அன்றைக்கே செய்திருந்தால் நாங்கள் சேர்த்த காசு மிச்சம்.

அடுத்தது பிரேக். பிரேக் அடிக்கும்போது மட்டும் ஒரு பக்கம் பாய்ந்தால், மறு பக்கத்துப் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஒயிலோ பிரேக் ஃபுளூயிடோ கசிந்து கட்டையில் பட்டிருக்கலாம், கட்டை தேய்ந்திருக்கலாம். பிரேக் அடிக்காமலே எந்நேரமும் இழுத்தால், எங்கள் வேன் மாதிரி ஒரு சக்கரம் இறுகியிருக்கலாம். மட்டமான பாதையில் பிரேக்கை அதிகம் தொடாமல் கொஞ்சத் தூரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் கிட்ட உள்ளங்கையைக் கொண்டு போங்கள். தொடாதீர்கள், சுட்டுவிடும். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் வண்டியை அதற்கு மேல் இறக்கத்தில் கொண்டு போகக்கூடாது. நாளைக்குப் பார்ப்போம் என்ற பேச்சு இதில் இல்லை. டயர் தேய்ந்தால் காசுதான் போகும், பிரேக் விஷயம் அப்படியில்லை.

பிறகு ஆட்டிப் பார்ப்பது. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு கையாலும் இடம் வலமாக ஆட்டுங்கள். கடகட என்றால் ஸ்டியரிங் தடியின் முனை தேய்ந்திருக்கும். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆடினால் போல் ஜொயின்ட் அல்லது வீல் பெயாரிங். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். இந்த ஆட்டம் இருக்கும்போது எலைன்மென்ட் செய்வது வீண். மெஷினில் சரியாக இருக்கும், முதல் பள்ளத்தில் விழுந்ததும் போய்விடும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் எலைன்மென்ட். மூன்று பெயர் சொல்வார்கள். 'டோ' என்பது நாம் பாதத்தை உள்ளே திருப்பி நடப்பது, வெளியே திருப்பி நடப்பது மாதிரி. 'கேம்பர்' என்பது சக்கரத்தின் தலை உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருப்பது, வளைந்த காலும் முட்டி தட்டும் காலும் மாதிரி. 'காஸ்டர்' என்பது சைக்கிளின் முன் கவை சாய்ந்திருக்கிறதே, அந்தச் சாய்வு. அதனால்தான் கையை விட்டாலும் சைக்கிள் நேரே போகிறது. கேம்பரும் காஸ்டரும் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசப்பட்டால் வண்டி இழுக்கும். டோ பிழைத்தால் அவ்வளவாக இழுக்காது, ஆனால் டயரைத் தின்றுவிடும். எங்கள் வேனில் திருகியது இந்த டோவைத்தான். மெஷினில் செய்தால் முன்பின் அளவுகளை அச்சடித்துத் தருவார்கள். கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி டயர் தேய்கிற விதம். கொழுந்து எடுக்கப் போகிறவரின் செருப்பைத் திருப்பிப் பார்த்தால் அவர் எப்படி நடக்கிறார் என்று தெரியும் அல்லவா? டயரும் அப்படித்தான். நடு மட்டும் தேய்ந்தால் காற்று கூடுதல். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு உயர்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் என்றால் கேம்பர் அல்லது டோ. உள்ளங்கையை டயரின் குறுக்கே இப்படியும் அப்படியும் தடவுங்கள். ஒரு பக்கம் தடவும்போது வழுவழுப்பாகவும் மறு பக்கம் அரத்தைத் தடவுகிற மாதிரியும் இருந்தால் டோதான். கம்பி தெரிகிற டயரைத் தடவாதீர்கள், கை கிழியும். அங்கங்கே குழி குழியாக இருந்தால் ஷொக் எப்சோபர் போயிருக்கும், அல்லது வீல் பெலன்ஸ் இல்லை. குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குவதும் அநேகமாக பெலன்ஸ்தான், அதை எலைன்மென்ட் என்று நினைத்துக் காசு கொடுக்காதீர்கள். பக்கவாட்டில் புடைப்பு இருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது. அந்த டயருக்கு மருந்து இல்லை, கழற்ற வேண்டியதுதான்.

நம் மலைப்பாதைக்கென்று ஒரு கணக்கு உண்டு. ரிவஸ்டன் பாதையிலோ எல்கடுவ பாதையிலோ தினமும் கொண்டை ஊசி வளைவு திருப்புகிற வண்டியில் முன் டயரின் வெளி ஓரங்கள் கொஞ்சம் கூடத்தான் தேயும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்தால் பயப்பட வேண்டாம். வளைவில் வேகத்தைக் குறைத்து, டயர்களை அவ்வப்போது முன்னும் பின்னும் மாற்றிப் போட்டால் போதும்.

திரீவீல் தம்பிமார் "எங்களுக்கு என்னா இருக்கு?" என்று கேட்பீர்கள். முன்னால் ஒரே சக்கரம் என்பதால் வேனுக்குச் செய்கிற டோ எலைன்மென்ட் உங்களுக்கு இல்லை. இழுத்தால் முதலில் பின் டயர் இரண்டின் காற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு முன் கவை. பள்ளத்தில் விழுந்தோ மதகில் இடித்தோ கவை லேசாக வளைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஹேண்டில் நேராக இருக்கும்போது சக்கரம் கோணலாக இருக்கும். ஒருவரைப் பின்னால் நடக்கவிட்டு, வண்டியை மெதுவாக நேரே உருட்டச் சொல்லுங்கள். அவர் பார்த்துச் சொல்வார். பின் டயர் உள் ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் புஷ்ஷையும், நீங்கள் ஏற்றுகிற ஆட்கள் எத்தனை பேர் என்பதையும் பாருங்கள். ஏழெட்டுப் பிள்ளைகளை அடுக்கிக்கொண்டு போய்விட்டு டயர்க் கம்பனியைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

பழைய டயர் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டயர் பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. பூ நன்றாக இருந்தும் றப்பர் வெடிப்பு விட்டிருந்தால் வாங்க வேண்டாம். பூவுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், கார், வேன் டயர்களில் அதன் உயரம் 1.6 மில்லிமீற்றர். பூ அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பாதையில் ஓடும் வண்டிக்கு அதுவரை காத்திருப்பதே அதிகம் என்பது என் எண்ணம். மாத்தளையில் தேயிலையோடு றப்பரும் உண்டு. 1876இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த நாற்றுகளைக் கம்பஹா ஹெனரத்கொடவில் நட்டதிலிருந்து தொடங்கிய பயிர் அது. விடியற்காலையில் பால் வெட்டுகிற குடும்பத்துக்கு, ஒரு டயருக்குள் எத்தனை நாள் உழைப்பு இருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

தாய்மாரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையை வேனில் ஏற்றும்போது முன் டயரை ஒரு தடவை குனிந்து பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் மொட்டையாக இருந்தால், "தம்பி, வண்டி இழுக்குதா?" என்று கேளுங்கள். சண்டை போட வேண்டாம், கேட்டால் போதும். பிழை பிடிபட்டால் டயருக்குக் காசு சேர்ப்பதற்கு முன்பு எந்தப் பழுதினால் அது தேய்ந்தது என்று கராஜில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். இப்போது எங்கள் தோட்டத்தில் வேன் காசு சேர்க்கும் கொப்பியில் அதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். அந்தத் தம்பியே மாதம் ஒருமுறை காற்று பார்த்த தேதியை அதில் எழுதுகிறார்.