பட்டனை யார் எழுத வேண்டும்?

ஒரு நிறுவனத்தில் நாலைந்து குழுக்கள் தனித்தனியே வலைச் செயலிகளை உருவாக்கினால், ஒரே பட்டன் ஐந்து விதமாக முளைத்துவிடும். அதைச் சரிக்கட்டத்தான் பொது காம்பொனென்ட் லைப்ரரி வருகிறது. 2011-இல் ட்விட்டர் வெளியிட்ட பூட்ஸ்டிராப்பும் முதலில் அந்த நிறுவனத்தின் உள் கருவிகளை ஒரு சீருக்குக் கொண்டுவரப் பிறந்ததுதான். பல இடங்களில் லைப்ரரி எழுதும் வேலையை இரண்டு மூன்று சீனியர்களிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். ஜூனியர்கள் முடிந்ததை எடுத்துப் பயன்படுத்தினால் போதுமாம். இது தலைகீழான ஏற்பாடு. லைப்ரரியை ஜூனியர்கள் எழுத வேண்டும். சீனியர்கள் பக்கத்தில் இருந்து கேள்வி கேட்க வேண்டும்.

பட்டனையே எடுத்துக்கொள்வோம். புதிதாக வேலைக்கு வந்தவர் ஒரு ‘டிவ்’வுக்கு நிறம் கொடுத்து, கிளிக் செய்தால் இயங்கும்படி எழுதிவிடுவார். மவுஸ் பிடித்தவருக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் டேப் விசையால் அதை எட்ட முடியாது, என்டருக்கும் ஸ்பேஸுக்கும் அசையாது, ஸ்க்ரீன் ரீடர் அதைப் பட்டன் என்று சொல்லாது. ‘பட்டன்’ டேக்கைப் போட்டால் மூன்றும் தானாக வந்துவிடும். கூடவே ஒரு சிக்கலும் வரும். ஃபார்முக்குள் இருக்கும் பட்டனுக்கு டைப் குறிப்பிடாவிட்டால் பிரௌசர் அதை சப்மிட் என்றே எடுத்துக்கொள்ளும். ‘இன்னொரு முகவரி சேர்’ என்று அழுத்தினால் பாதி நிரப்பிய விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிடும். இதையெல்லாம் சீனியர் உள்ளே வைத்து மூடிவிட்டால் பட்டன் ஒழுங்காக வேலை செய்யும், ஏன் செய்கிறது என்பது மட்டும் ஜூனியருக்கு எட்டாது. லைப்ரரியில் இல்லாத ஒன்று நாளை தேவைப்படும்போது அவர் மறுபடி டிவ்விடம்தான் போவார்.

காரணத்தைத் திறந்து வைப்பதற்குப் பிரிட்டிஷ் அரசின் டிசைன் சிஸ்டம் நல்ல சான்று. எண் கேட்கும் பெட்டிக்கு ஹெச்டிஎம்எல்லில் ‘நம்பர்’ என்றே ஒரு டைப் உண்டு. அதைப் போடுவதுதான் சரி என்று யாருக்கும் தோன்றும். அந்த டிசைன் சிஸ்டத்தை உருவாக்கும் குழு 2020-இல் ‘நம்பர்’ டைப்பைக் கைவிட்டு, சாதாரண டெக்ஸ்ட் பெட்டியிலேயே எண் விசைப்பலகை வரவைக்கும் முறைக்கு மாறியது. மவுஸ் சக்கரம் தெரியாமல் உருண்டால் எண் மாறிவிடுகிறது, சில உதவிக் கருவிகள் அந்தப் பெட்டியைச் சரியாகக் கையாளவில்லை என்று காரணங்களையும் வெளியிட்டது. அந்த விளக்கத்தைப் படிக்கும் ஜூனியர், பெயரைப் பார்த்து மட்டும் ஒரு டைப்பைத் தேர்ந்தெடுக்கத் தயங்குவார். அந்தத் தயக்கத்தைப் பயிற்சி வகுப்பில் ஊட்டுவது கடினம்.

ஜூனியர் செய்யும் தவறு எல்லாச் செயலிகளுக்கும் பரவிவிடாதா என்று கேட்பார்கள். நியாயமான பயம். அதற்காகத்தான் கோட் ரிவியூ, டெஸ்ட், பதிப்பு எண் எல்லாம் இருக்கின்றன. முதலில் ஒரே ஒரு செயலியில் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். அனுபவசாலிகள் மட்டும் எழுதினால் தவறு பரவாது என்பதும் உண்மையில்லை. எல்லாக் குழுக்களின் ஆசைக்கும் இடம் கொடுத்து ஒரு பட்டனுக்கு ஆம்-இல்லை என்ற ஆறு ப்ராப்ஸ் (வெளியிலிருந்து மாற்றக்கூடிய அமைப்புகள்) வைத்தால் 64 நிலைகள் வருகின்றன. அத்தனையையும் யார் சோதித்தார்கள்? ‘இந்த ப்ராப் எதற்கு?’ என்று கூச்சமில்லாமல் கேட்கக்கூடியவர் புதிதாக வந்தவர்தான்.

நேரம் பிடிக்கும் என்பதை மறுக்கவில்லை. முதல் சில மாதங்கள் வேகம் குறையும். சீனியர் தானே எழுதினால் மதியத்துக்குள் முடியும் வேலை ஒரு வாரம் இழுக்கும். கோட் எழுதத்தான் ஏஐ இருக்கிறதே என்பவர்களுக்கும் பதில் அந்த ஒரு வாரத்தில்தான் இருக்கிறது: ஏஐ தரும் கோடில் டிவ் பட்டனாக நடிப்பதைக் கண்டுபிடிக்கும் கண் அப்போதுதான் உருவாகிறது. ஆனால் எழுதவிட்டால் மட்டும் போதாது. வேறு குழுவிலிருந்து புகார் வரும்போது பதில் சொல்வதும், திருத்துவதும், திருத்த மறுத்துக் காரணம் எழுதுவதும் அந்த ஜூனியரின் பொறுப்பாகவே இருக்கட்டும். அந்தப் பதில் போவதற்கு முன் சீனியர் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். தன் பெயரில் அனுப்பக் கூடாது.